போஸ்ட்கிரெஸ் பேரிடர் மீட்பு மென்பொருளைப் பழைய பதிப்பிலிருந்து உயர்த்துதல்: எதை முதலில் தொடுவது?

இரவுமுறை

வணக்கம். எங்கள் பொறுப்பில் போஸ்ட்கிரெஸ் 13 தரவுத்தளம் ஓடும் பிரைமரி (முதன்மை) சர்வர் ஒன்றும், அதன் மாற்றங்களைப் பின்தொடரும் ஸ்டாண்ட்பை (மாற்று) சர்வர் ஒன்றும், பேக்கப்புகளை வாங்கி வைக்கும் தனிக் காப்பகச் சர்வர் ஒன்றும் இருக்கின்றன. மூன்றிலும் இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 7. தரவின் அளவு ஏறத்தாழ 1.4 டெராபைட். பேரிடர் மீட்புக்கு, பேக்கப் எடுத்து மீட்கும் கருவியான பிஜி பேக்ரெஸ்டின் 2.30 பதிப்பை நம்பியிருக்கிறோம். அதை நிறுவியவர் வேறு பணிக்குச் சென்றுவிட்டார். நான் இதுவரை அதில் கை வைத்ததில்லை.

சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாத நிலையில், வார இறுதியில் ஆறு மணி நேரம் சேவையை நிறுத்திக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது. அந்த ஆறு மணி நேரத்துக்குள் பிஜி பேக்ரெஸ்டை 2.51க்கும், இயங்குதளத்தை ராக்கி லினக்ஸ் 9க்கும், போஸ்ட்கிரெஸை 16க்கும் உயர்த்திவிடலாம் என்று திட்டம் எழுதியிருக்கிறேன். இதில் எங்கே பிழை இருக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆழ்வேர்

பிழை திட்டத்தின் உள்ளே இல்லை, மூன்றையும் ஒரே இரவில் வைத்ததில் இருக்கிறது. பேரிடர் மீட்பு மென்பொருள் என்பது மற்ற இரண்டு மாற்றங்களும் கெட்டுப்போனால் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறு. அந்தக் கயிற்றையே அவிழ்த்து மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் கிணற்றில் இறங்கக் கூடாது. முதலில் பிஜி பேக்ரெஸ்டை மட்டும், பழைய இயங்குதளத்திலேயே, பழைய போஸ்ட்கிரெஸ் 13 ஓடிக்கொண்டிருக்கும்போதே உயர்த்துங்கள். புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் ஒன்றையும், பழைய பதிப்பு எடுத்து வைத்த பேக்கப் ஒன்றையும் வேறொரு இயந்திரத்தில் மீட்டுப் பார்த்த பிறகுதான் இயங்குதளத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இதற்குச் சேவையை நிறுத்த வேண்டியதே இல்லை என்பது இன்னொரு காரணம். மாற்றப் பதிவுக் கோப்புகளைக் காப்பகத்துக்கு அனுப்பும் ஆர்க்கைவ் கட்டளையைப் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக அழைக்கிறது. ஆகவே அடியில் இருக்கும் நிரல் மாறினால் அடுத்த அழைப்பே புதிய நிரலுக்குப் போகும்; தரவுத்தளத்தை மறுதொடக்கம் செய்ய வேண்டாம். கட்டளையின் வரியையே மாற்ற நேர்ந்தாலும் அமைப்புகளை மீண்டும் படிக்கச் செய்தால் போதும். உங்களுக்குக் கிடைத்த ஆறு மணி நேரத்தை இதில் செலவழிக்காமல் பின்னால் வரும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கருமுனை

ஆழ்வேர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காப்பகச் சர்வர், பிரைமரி, ஸ்டாண்ட்பை ஆகிய மூன்றிலும் பிஜி பேக்ரெஸ்ட் ஒரே பதிப்பாக இருந்தே தீர வேண்டும். இரு முனைகளும் பேசத் தொடங்கும்போது முதலில் பதிப்பு எண்ணைத்தான் ஒப்பிட்டுக்கொள்கின்றன. எண் வேறாக இருந்தால் உரையாடல் அங்கேயே முறிந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை செய்த இடத்தில், வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் காப்பகச் சர்வரில் மட்டும் ஓர் இரவில் தானாக நிறுவப்பட்டன. அதில் பிஜி பேக்ரெஸ்டும் சேர்ந்து உயர்ந்துவிட்டது. பிரைமரி பழைய பதிப்பிலேயே இருந்தது. அந்த நொடியிலிருந்து ஒரு வால் கோப்பு கூடக் காப்பகத்துக்குப் போகவில்லை. புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: தரவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் போஸ்ட்கிரெஸ் முதலில் எழுதி வைக்கும் பதிவுக் கோப்பைத்தான் வால் என்கிறோம். இயல்பாக ஒவ்வொன்றும் 16 மெகாபைட். காப்பகத்துக்குப் போய்ச் சேராத வரை போஸ்ட்கிரெஸ் அதை அழிக்காது. தரவு நலனுக்காகச் செய்யப்பட்ட சரியான ஏற்பாடுதான் அது. ஆனால் வட்டு நிரம்பும்போது சர்வரே நின்றுவிடும்.

காலையில் நான் பார்த்தபோது பதிவேட்டில் ஒரே செய்தி நிமிடத்துக்குப் பல முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. பதிப்பு எண்ணாக எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது என்ற வரியும், அதன் கீழே இரு இயந்திரங்களிலும் ஒரே பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று கேட்கும் குறிப்பும். காரணத்தை அந்த மென்பொருள் அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது, கேட்க ஆள்தான் இல்லை. வட்டில் 4 விழுக்காடு இடம் மீதமிருந்தது. அன்றிலிருந்து நான் பொறுப்பேற்கும் எந்தச் சர்வரிலும் மென்பொருள்களை நிறுவும் பொதி மேலாளரில் இந்த ஒரு பொதியைத் தானாக உயராதபடி பூட்டி வைக்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

சேமிப்பகம்

இவ்வளவு தயக்கம் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. 2.30இலிருந்து 2.51 என்பது ஒரே தலைமைப் பதிப்புக்குள் நடக்கும் நகர்வு. பழைய காப்பகத்தைப் புதிய பதிப்பு படிக்கும்படியாகவே அந்தத் திட்டத்தார் கவனமாகச் செய்து வருகிறார்கள். மூன்று இயந்திரங்களிலும் பொதியை மாற்றப் பத்து நிமிடம் ஆகும். பாதுகாப்புக்கு, போஸ்ட்கிரெஸோடு வரும் நகலெடுக்கும் கருவியான பிஜி டம்ப் வழியாக ஒரு தனி நகல் எடுத்து வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடலாம்.

ஆழ்வேர்

சேமிப்பகம் சொல்வதில் முதல் பாதியை ஏற்கிறேன். பொதியை மாற்றுவது பத்து நிமிட வேலைதான். பிஜி டம்பைப் பாதுகாப்பாகக் கொள்வது பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். ரெப்ளிகேஷனில் (பிரைமரியின் தரவு ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேரும் முறை) வந்த கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் ஸ்டாண்ட்பை என்று நினைத்துப் பிரைமரியின் தரவு அடைவை அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், பிஜி டம்ப் நகல்கள் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓடிக்கொண்டிருக்க, நகல் எடுக்கும் பணி 9.2 பதிப்பின் பிஜி டம்பை அழைத்துக்கொண்டிருந்தது. தன்னைவிடப் புதிய சர்வரிலிருந்து நகல் எடுக்கப் பிஜி டம்ப் மறுத்துவிடும். ஆகவே அது ஒவ்வொரு முறையும் தோற்றது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களோ டிமார்க் எனும் மின்னஞ்சல் நம்பகச் சரிபார்ப்பில் தேறாததால் ஏற்கப்படவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு நோக்கத்துக்காக எடுக்கப்பட்ட ஓர் எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் (வட்டின் அந்தக் கணத்து நகல்) கடைசியில் கைகொடுத்தது.

அந்தப் பேக்கப்பைக் கெடுத்தது தரவுத்தளம் ஒரு பதிப்பிலும் நகல் எடுக்கும் கருவி வேறு பதிப்பிலும் நின்றதுதான். நாம் இங்கே பேசிக்கொண்டிருப்பதும் அதையேதான். இன்னொன்று, 1.4 டெராபைட்டைப் பிஜி டம்ப் நகலிலிருந்து மீட்டு எல்லா இண்டெக்ஸ்களையும் (தேடலை விரைவாக்கும் வரிசைப்பட்டியல்கள்) திரும்பக் கட்டி முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று இரவுமுறை அளந்து பார்த்திருக்கிறாரா? பேரிடர் நேரத்தில் அந்த எண்தான் முதலில் கேட்கப்படும். மேலும் அந்த நகல் அது தொடங்கிய கணத்தின் தரவை மட்டுமே தரும். அதற்குப் பிந்தைய எந்த நிமிடத்துக்கும் அதை வைத்து நகர முடியாது.

இரவுமுறை

அளந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதற்கு முந்தையவர் விட்டுச்சென்ற குறிப்புகளிலும் மீட்டுப் பார்த்ததாக ஒரு வரி கூட இல்லை. திட்டத்தை மாற்றி எழுதுகிறேன்.

ஆர்க்கைவ் நின்றிருக்கும் நேரத்தைப் பற்றி ஒரு கணக்குப் போட்டேன், சரியா என்று பாருங்கள். வேலை மிகுந்த நேரத்தில் எங்கள் பிரைமரி நிமிடத்துக்கு 40 வால் கோப்புகள் எழுதுகிறது. அதாவது 640 மெகாபைட். வால் அடைவு இருக்கும் வட்டில் 60 கிகாபைட் இடம் மீதமிருக்கிறது. அப்படியானால் காப்பகம் முழுவதும் நின்றாலும் ஏறத்தாழ 95 நிமிடம் தாங்கும். இரவில் எழுத்து பத்தில் ஒரு பங்காகக் குறைவதால் இன்னும் நிறைய நேரம் கிடைக்கும்.

கருமுனை

கணக்குச் சரி, ஆனால் அமைப்புக் கோப்பில், காப்பகத்துக்குப் போகக் காத்திருக்கும் ஆர்க்கைவ் வரிசைக்கு உச்ச வரம்பு ஏதேனும் வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வரம்பு இருந்தால், நிலுவை அதைத் தாண்டியதும் பிஜி பேக்ரெஸ்ட் வால் கோப்புகளைக் கைவிட்டுவிட்டு, அனுப்பிவிட்டேன் என்று போஸ்ட்கிரெஸிடம் சொல்லிவிடும். வட்டு நிரம்பாது, சேவையும் நிற்காது. ஆனால் பதிவுச் சங்கிலி அறுந்துபோகும், அடுத்த பேக்கப் எடுக்கும் வரை அந்த இடைவெளியைத் தாண்டி எந்த நேரப் புள்ளிக்கும் மீட்க முடியாது. சேவையா தரவா என்ற தேர்வு அது. அதை உங்களுக்கு முன்னவர் உங்களுக்காகச் செய்து வைத்திருக்கக் கூடும்.

ஒத்திகை பார்க்கும்போது இன்னொன்றிலும் கவனம் வேண்டும். மீட்டெடுத்த இயந்திரத்தில் ஆர்க்கைவ் முறையை அணைத்துவிட்டே ரீஸ்டோர் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் 12 முதல் அதற்கென ரீஸ்டோர் கட்டளையிலேயே விருப்பத் தேர்வு இருக்கிறது. அணைக்க மறந்தால், அந்தச் சோதனைத் தரவுத்தளம் பிரைமரியாக எழுந்து நின்று, தன் வால் கோப்புகளை உங்கள் உண்மையான காப்பகத்துக்கே அனுப்பத் தொடங்கும்.

ஆழ்வேர்

பழைய பேக்கப்புகளை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். முழு பேக்கப் எண்ணிக்கை 2 என்று வைத்திருந்தால், ஒவ்வொரு பேக்கப்பின் முடிவிலும் காலாவதி வேலை தானாக ஓடும். உயர்த்திய பிறகு நிம்மதிக்காக அடுத்தடுத்து இரண்டு முழு பேக்கப் எடுப்பீர்கள், அத்தோடு பழைய பதிப்பு எடுத்தவை எல்லாம் அழிந்துவிடும். புதியதில் ஏதேனும் கோளாறு என்று பிறகு தெரிய வந்தால் திரும்பிப் போக இடமிருக்காது. ஆகவே வேலை தொடங்கும் முன்பே அந்த எண்ணை 4 அல்லது 5 ஆக்கிவிடுங்கள்.

புதிய பதிப்பில் சிறு கோப்புகளைக் கட்டுகளாகச் சேர்க்கும் வசதியும், மாறிய தொகுதிகளை மட்டும் எடுக்கும் வசதியும் வந்திருக்கின்றன. இரண்டும் நல்லவை, 1.4 டெராபைட்டுக்கு மிகவும் உதவும். ஆனால் முதல் சில வாரங்கள் அவற்றை இயக்காதீர்கள். 2.30க்கு அந்த வடிவங்கள் தெரியாது. இயக்கிவிட்டால் அப்படி எடுத்த பேக்கப்புகளைப் பழைய பதிப்பால் படிக்க இயலாது. பழைய ஆர்பிஎம் பொதிகளையும் உங்கள் வட்டிலேயே ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்கான பொதிகளைத் தேவைப்படும் இரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இரவுமுறை

ஒத்திகை முடிந்தது. கேட்டதற்கு மேலாகவே கற்றுக்கொண்டேன், விவரமாக எழுதுகிறேன்.

தனியாக ஓர் இயந்திரத்தில் சென்ட்ஓஎஸ் 7 நிறுவி, காப்பகத்தின் நகல் ஒன்றை அதனோடு இணைத்து, 2.51 கொண்டு பழைய பேக்கப்பை மீட்டேன். முதல் முயற்சி 5 மணி 10 நிமிடம் எடுத்தது. எங்கள் அமைப்பில் இணைச்செயல் எண்ணிக்கையை யாரும் தொடாததால், இயல்பான 1 என்ற அளவிலேயே ஒற்றை ஆளாக அது வேலை செய்திருக்கிறது. அதை 8 ஆக்கியபோது 1 மணி 20 நிமிடத்தில் முடிந்தது. பேரிடர் நேர்ந்தால் இரண்டு மணி நேரத்தில் மீண்டு வருவோம் என்று ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறோம். இத்தனை ஆண்டுகள் அந்த வரி உண்மையாக இருந்ததில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

இரண்டாவது, இன்னும் கவலை தந்தது. சோதனை இயந்திரத்தைப் பிரைமரியைப் போலவே அமைத்துப் பொதியை உயர்த்திவிட்டு, போஸ்ட்கிரெஸ் பயனராக உள்நுழைந்து பதிப்பைக் கேட்டேன், 2.51 என்றது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக ஓடிய பேக்கப்பின் பதிவேட்டைத் திறந்தால், முதல் வரியிலேயே 2.30 என்று இருந்தது. முந்தையவர் எப்போதோ மூலநிரலிலிருந்து தொகுத்த பிரதி ஒன்று யூஎஸ்ஆர் லோக்கல் பின் (/usr/local/bin) அடைவில் கிடந்தது. கிரான் நிரல்களைத் தேடும் பாதையில் அந்த அடைவு முன்னால் இருந்தது, என் முனையத்தின் பாதையில் பின்னால் இருந்தது. உண்மையான பிரைமரியிலும் அதே பிரதி அதே இடத்தில் இருப்பதைப் பிறகு உறுதி செய்தேன். பொதியை மட்டும் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், கருமுனைக்கு நடந்ததே எனக்கும் நடந்திருக்கும். இப்போது ஆர்க்கைவ் கட்டளையிலும் கிரானிலும் முழுப் பாதையை எழுதி, பழைய பிரதியை அகற்றிவிட்டேன்.

ஆர்க்கைவ் வரிசையில் உச்ச வரம்பும் இருந்தது, 20 கிகாபைட். அதை என்ன செய்வது என்பதைச் சேவைப் பொறுப்பாளரோடு பேசி முடிவெடுக்கிறேன்.

அடுக்கு

இழையை முதலிலிருந்து படித்தேன். கருவியை உயர்த்துவது நல்ல கைகளில் இருக்கிறது. அடுத்த படியான இயங்குதள மாற்றத்தில் யாரும் இன்னும் குறிப்பிடாத ஒன்று இருக்கிறது, அது பேக்கப்பையே நேரடியாகத் தொடுவதால் எழுதுகிறேன்.

சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது இயங்குதளத்தின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் 2.17 பதிப்பு. ராக்கி லினக்ஸ் 9இல் 2.34. இடையில் 2018இல் வந்த 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் பெருமளவு மாறின. போஸ்ட்கிரெஸ் இயல்பாகத் தன் எழுத்து வரிசைக்கு இயங்குதளத்தின் இந்த நூலகத்தையே நம்பியிருக்கிறது. இரண்டு இயந்திரங்களிலும் நீங்களே சோதிக்கலாம். முதல் வரியில் 1-1 என்றும், இரண்டாம் வரியில் 11 என்றும் எழுதி, அமெரிக்க ஆங்கில யூடிஎஃப்-8 மொழியமைப்பில், வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்குக் கொடுங்கள். பழையதில் 11 முன்னாலும் 1-1 பின்னாலும் வரும். புதியதில் 1-1 முன்னால் வரும்.

இப்போது பழைய இயந்திரத்தில் எடுத்த பேக்கப்பைப் புதியதில் மீட்டதாக வைத்துக்கொள்வோம். பிஜி பேக்ரெஸ்ட் கோப்புகளை உள்ளது உள்ளபடியே கொண்டுவரும், அதன் பணி அதுதான். இண்டெக்ஸோ பழைய வரிசையில் அடுக்கப்பட்டது. தேடுபவரோ புதிய வரிசையை நம்பி இறங்குகிறார். இருக்கும் பதிவை இல்லை என்று சொல்லும். தனித்தன்மை காக்க வேண்டிய இண்டெக்ஸ், ஏற்கெனவே இருக்கும் மதிப்பைக் காணாமல் அதையே இரண்டாம் முறையும் உள்ளே விடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. சர்வர் எழும், சோதனைகள் தேறும், பேக்கப்பும் வெற்றி என்றே பதிவாகும். புதிய இயங்குதளத்தில் ஸ்டாண்ட்பை அமைத்துப் பிறகு அதையே பிரைமரியாக உயர்த்தும் வழியிலும் இதே கேடு உண்டு. எண் வகைப் புலங்களுக்கும், சி வரிசையில் (மொழி விதிகளின்றி எழுத்துக் குறியீட்டு எண்ணின்படி அடுக்குவது) உருவாக்கப்பட்ட எழுத்துப் புலங்களுக்கும் பாதிப்பில்லை.

போஸ்ட்கிரெஸ் 15 முதல் தரவுத்தளத்தின் வரிசைப் பதிப்பைக் குறித்து வைத்து, பொருந்தாவிட்டால் எச்சரிக்கிறது. உங்கள் 13 அந்த எச்சரிக்கையைத் தராது.

சேமிப்பகம்

இது எனக்குத் தெரியாது, நன்றி. அப்படியானால் மீட்டவுடன் எழுத்துப் புலங்கள் உள்ள எல்லா இண்டெக்ஸ்களையும் திரும்பக் கட்டிவிட்டுச் சேவையைத் திறந்தால் போதுமா? ஆறு மணி நேரம் இருக்கிறதே.

அடுக்கு

போதும், சேவையைத் திறக்கும் முன்பே கட்டி முடித்தால். எழுத்துப் புலத்தின் வரம்பை வைத்துப் பிரிக்கப்பட்ட அட்டவணைகள் இருந்தால் அவற்றையும் தனியே சரிபார்க்க வேண்டும். பதிவு தவறான பிரிவில் உட்கார்ந்திருக்கக் கூடும், அதை இண்டெக்ஸ் வேலை தீர்க்காது.

ஆனாலும் இரவுமுறையின் நிலையில் நான் இருந்தால் கோப்புகளுக்குப் பதில் பதிவு மாற்றங்களை அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வழியையே எடுப்பேன். ராக்கி 9இல் போஸ்ட்கிரெஸ் 16ஐப் புதிதாக எழுப்பி, பழைய 13இலிருந்து பதிவுகளை ஓடவிட்டால், இண்டெக்ஸ்கள் புதிய இயந்திரத்திலேயே புதிய வரிசையில் கட்டப்படும். இயங்குதளமும் தரவுத்தளப் பதிப்பும் ஒரே நகர்வில் மாறும். பழைய சர்வரும் அப்படியே கையில் இருக்கும். வரம்புகளும் உண்டு: சீக்வென்ஸ் (தொடர் எண்) மதிப்புகள் தானாக வராது, அட்டவணை அமைப்பில் செய்யும் மாற்றங்கள் வராது, லார்ஜ் ஆப்ஜெக்ட்கள் (தனியே சேமிக்கப்படும் பெரிய தரவுகள்) வராது. ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் முதன்மைச் சாவி இல்லாத அட்டவணைகளுக்கு ரெப்ளிகா அடையாளம் (எந்தப் பதிவு மாறியது என்று மறுமுனை அறிய உதவுவது) குறிக்காவிட்டால் திருத்தலும் நீக்கலும் மூலத்திலேயே பிழையாக நிற்கும்.

ஆழ்வேர்

அந்த வழியில் போனால் புதிய தரவுத்தளத்துக்குத் தனி ஸ்டான்சா (பிஜி பேக்ரெஸ்டில் ஒரு தரவுத்தளத்துக்கான அமைப்புத் தொகுதி) உருவாக்குங்கள். பழையதும் புதியதும் சில நாள்கள் சேர்ந்தே ஓடும், இரண்டும் வால் கோப்புகளை அனுப்பும், இரண்டின் அடையாள எண்ணும் வேறு. ஒரே ஸ்டான்சாவில் இரண்டையும் வைக்க முடியாது. மேலும் ராக்கி 9க்கும் சென்ட்ஓஎஸ் 7க்கும் ஒரே பிஜி பேக்ரெஸ்ட் பதிப்பு கிடைக்கிறதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். காப்பகச் சர்வர் ஒன்று, அது இரண்டு பக்கமும் பேசியாக வேண்டும்.

இரவுமுறை

முதல் படியை நேற்று இரவு முடித்தேன். முதலில் முழு பேக்கப், வைத்திருக்கும் எண்ணிக்கை 5. பிறகு மூன்று இயந்திரங்களிலும் ஸ்டாப் கட்டளை, காப்பகம், பிரைமரி, ஸ்டாண்ட்பை என்ற வரிசையில் பொதி மாற்றம், முழுப் பாதையில் பதிப்புச் சரிபார்ப்பு, ஸ்டார்ட் கட்டளை. ஆர்க்கைவ் நின்றிருந்தது 7 நிமிடம். அதற்குள் சேர்ந்திருந்த 31 வால் கோப்புகளும் ஒரு நிமிடத்துக்குள் காப்பகம் போய்ச் சேர்ந்தன. செக் கட்டளை ஒரு புதிய கோப்பை அனுப்பி, அது சேர்ந்ததை உறுதி செய்து முடிந்தது. ஆர்க்கைவர் புள்ளிவிவரத்தில் கடைசித் தோல்வியின் நேரம் அந்த 7 நிமிடத்துக்குள்ளேயே நிற்கிறது, அதன்பின் நகரவில்லை. புதிய பதிப்பில் எடுத்த முழு பேக்கப்பைச் சோதனை இயந்திரத்தில் மீட்டு, நள்ளிரவு கடந்து 2 மணி 15 நிமிடம் என்ற நேரப் புள்ளிக்குக் கொண்டுவந்து, அந்த நிமிடத்தில் நான் எழுதி வைத்த சோதனைப் பதிவு இருப்பதைக் கண்ணால் பார்த்தேன். பொதிகளை மூன்றிலும் பூட்டிவிட்டேன்.

உச்ச வரம்பை எடுத்துவிட முடிவாயிற்று. பதிலாக வால் அடைவின் வட்டு 50 விழுக்காட்டைத் தாண்டினால் பணியில் இருப்பவரின் தொலைபேசி ஒலிக்கும். ராக்கி 9க்கும் 2.51 பொதி கிடைத்து, அதையும் இறக்கி வைத்துவிட்டேன். முதன்மைச் சாவி இல்லாத அட்டவணைகளைத் தேடியதில் 14 கிடைத்திருக்கின்றன, அவற்றில் மூன்று மிகப் பெரியவை. அந்த மூன்றுக்கு ரெப்ளிகா அடையாளமாகப் பதிவின் எல்லாப் புலங்களையும் குறிப்பதா, அல்லது புதிதாகச் சாவி சேர்ப்பதா என்பதைத் தனி இழையில் கேட்கிறேன்.

கருமுனை

தனி இழை நல்லது. அட்டவணைகளின் அளவையும், நாளொன்றுக்கு எத்தனை திருத்தங்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெரிய அட்டவணையில் பதிவின் எல்லாப் புலங்களையும் அடையாளமாக வைத்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுமுனையில் பொருத்தமான பதிவைத் தேடி அலைய நேரும். போஸ்ட்கிரெஸ் 16இல் அந்தத் தேடலுக்குப் பொருத்தமான இண்டெக்ஸ் இருந்தால் பயன்படுத்திக்கொள்ளும், ஆனாலும் சாவிக்கு ஈடாகாது.